பின்சுவரைப் பார்க்காமல் உறுதி முடிக்காதீர்கள்

மடுல்கெல்லவிலோ பன்விலவிலோ ஒரு வீடு விலைக்கு வந்தால் காரியங்கள் எந்த ஒழுங்கில் நடக்கும் என்பது இந்தப் பக்கத்து மக்களுக்குத் தெரியும். புரோக்கரிடமிருந்து அழைப்பு வரும். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்ப்பார்கள். எத்தனை அறை, பஸ் பாதை எவ்வளவு தூரம், தண்ணீர் ஊற்றிலிருந்து வருகிறதா குழாயில் வருகிறதா, பேர்ச்சஸ் என்ன விலை என்று விசாரிப்பார்கள். முன்வாசலில் நின்று நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்த்தவுடன் பாதி மனம் இணங்கிவிடும். விலை பேசி, அட்வான்ஸ் கைமாறும்.

பரிசோதனை என்ற ஒன்று அதன் பிறகுதான் தொடங்குகிறது. அதுவும் வீட்டுக்கு நடக்கும் பரிசோதனை அல்ல, காகிதத்துக்கு நடப்பது. சட்டத்தரணி காணிப் பதிவகத்துக்குப் போய் 30 வருட உரிமை வரலாற்றைத் தேடுவார். நில அளவையாளரின் படமும் உறுதியில் உள்ள எல்லைகளும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பார். பிரதேச சபையிலிருந்து வீதிக்கோட்டுச் சான்றிதழ் வரும். இத்தனையும் அவசியம்தான். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாத காணி விற்பனை இந்நாட்டில் செல்லாது. ஆள்மாறாட்டத்திலிருந்தும் கள்ள உறுதியிலிருந்தும் வாங்குபவரைக் காப்பாற்ற நமது சமூகம் 180 வருடங்களுக்கு மேலாகப் பாடுபட்டிருக்கிறது.

ஆனால் வீட்டின் பின்சுவருக்கும் அதன் பின்னால் வெட்டி நிறுத்திய மண்மேட்டுக்கும் இடையில் எத்தனை அடி இருக்கிறது என்று இந்த முழு ஏற்பாட்டிலும் ஒருவர்கூடக் கேட்பதில்லை. சமதரையில் இருக்கும் ஊருக்கு அது சிறிய கேள்வியாக இருக்கலாம். மடுல்கெல்லவில் உயிர் தொங்கிக்கொண்டிருப்பதே அந்தக் கேள்வியில்தான்.

இங்கே வீடு எழும் முறையை நினைத்துப் பார்ப்போம். நக்கிள்ஸின் மேற்குச் சரிவில் முதலில் கோப்பிக்காகவும் பிறகு தேயிலைக்காகவும் காடு அழிக்கப்பட்ட நிலம் இது. வீடு கட்ட ஒரு தட்டு வேண்டும் என்பதால் சரிவை உள்ளே வெட்டுகிறார்கள். வெட்டிய மண்ணை லொறியில் ஏற்றிக் கொண்டுபோகப் பணம் வேண்டுமே, ஆகவே அதையே முன்பக்கம் தள்ளி நிரப்பிவிடுகிறார்கள். இப்படியாக வீட்டின் பின்பாதி இயற்கையான கெட்டி மண்ணில் நிற்கிறது; முன்பாதி தளர்ந்த, சரியாக இடித்து இறுக்காத மண்ணில் நிற்கிறது. இரண்டு மழைக்காலம் போனால் முன்பாதி மெல்லக் கீழே இறங்கும். பின்பாதி அசையாது. நடுவில் சுவர் பிளக்கும். ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறும் வெடிப்பு அதன் அடையாளம். பூச்சு காய்ந்து சுருங்குவதால் தோன்றும் மயிரிழை வெடிப்புக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை அனுபவமுள்ள பொறியியலாளர் சில நிமிடங்களில் சொல்லிவிடுவார். வாங்க வந்தவரோ அதைப் பார்க்கவே மாட்டார். விற்பதற்கு முன்னர் புட்டி பூசிப் பெயின்ட் அடித்திருப்பார்கள்.

பின்பக்கத்துக் கதை இதைவிடப் பாரதூரமானது. வெட்டிய மண்சுவர் பத்துப் பன்னிரண்டு அடி உயரத்தில் செங்குத்தாக நிற்கும். வசதியுள்ளவர்கள் அதற்குக் கருங்கல் அணை கட்டுவார்கள். அந்த அணை மண்ணைத் தாங்குவது பாதி வேலைதான். மண்ணுக்குள் ஊறும் தண்ணீரை வெளியே விடுவது மற்றப் பாதி. அதற்காகச் சுவரில் குழாய்த் துவாரங்கள் வைக்கப்பட வேண்டும். பல இடங்களில் அவை இல்லை, இருந்தாலும் பாசியும் மண்ணும் அடைத்துக் கிடக்கும். பெருமழையில் அணைக்குப் பின்னால் தண்ணீர் தேங்கி, மண்ணோடு சேர்ந்து அந்தப் பாரம் முழுவதும் சுவரை முன்னுக்குத் தள்ளும். சுவர் வயிறு புடைத்தாற்போல் வளைந்திருந்தால் தள்ளுதல் ஏற்கெனவே தொடங்கிவிட்டது என்று பொருள்.

மேலே என்ன இருக்கிறது என்பதும் கணக்கில் சேரும். மேல்வீட்டுக்காரரின் மலசலகூடக் குழி உங்கள் பின்மேட்டின் தலையில் இருந்தால் அது வருடம் முழுவதும் அந்த மண்ணை நனைத்துக்கொண்டிருக்கும். கூரைத் தண்ணீர் பீலியில் விழாமல் நேராக மண்ணில் விழுந்தாலும் அதே கதிதான். தோட்டக் காலத்தில் சரிவுக்குக் குறுக்காக வெட்டப்பட்ட கான்கள் இந்தத் தண்ணீரை ஓடைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தன. கான் வெட்டுவதும் மண் வாருவதும் தோட்டத்தில் தனி வேலை. தேயிலை கைவிடப்பட்ட மலைகளில் அந்தக் கான்கள் தூர்ந்துவிட்டன. ஓட வேண்டிய தண்ணீர் நின்ற இடத்திலேயே இறங்குகிறது. சாய்ந்து வளர்ந்த மரங்கள், புதிதாகத் தோன்றிய ஊற்று, தெளிவாக வந்த ஊற்று திடீரென்று கலங்குவது, ஒரு பருவத்தில் இலகுவாகத் திறந்து மறு பருவத்தில் இறுகிக்கொள்ளும் கதவு ஆகியவற்றை மண் அசைவதற்கான அறிகுறிகளாக மண்சரிவு ஆய்வாளர்கள் எண்ணுகிறார்கள். கான் வெட்டி ஓய்வு பெற்ற தொழிலாளி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனால் இவற்றில் பலவற்றை அவரும் காட்டுவார். அந்த அறிவை மதிக்க நாம் இன்னும் பழகவில்லை.

2025 நவம்பர் இறுதியில் வந்த டித்வா புயலுக்குப் பிறகு இவற்றை எல்லாம் எழுதிக் காட்ட வேண்டிய தேவை இருக்கக் கூடாது. நாடு முழுவதும் 600க்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். ஆக அதிகமான உயிர்களை இழந்த மாவட்டம் கண்டி. வெள்ளம் கொண்டுபோனவர்களோடு, மண் மூடியவர்களும் அதில் ஏராளம். அப்படி மூடப்பட்ட வீடுகளுக்கும் பலவற்றுக்கு உறுதி இருந்தது, வரிப் பற்றுச்சீட்டு இருந்தது, மின்சாரப் பட்டியல் இருந்தது.

வீட்டுக் கடன் எடுப்பவர்கள் ஒரு தவறான ஆறுதலை நம்பியிருக்கிறார்கள். “வங்கியிலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டுத்தான் கடன் தருகிறார்கள், வீட்டில் பிழை இருந்தால் அவர்கள் சொல்லமாட்டார்களா?” என்பார்கள். வங்கி அனுப்புபவர் மதிப்பீட்டாளர். கடன் திரும்பி வராவிட்டால் இந்தச் சொத்தை என்ன விலைக்கு விற்கலாம் என்பதைச் சொல்வதற்காக அவர் வருகிறார். காணியின் அளவு, பாதை, சுற்றுப்புறத்து விலை, கட்டடத்தின் சதுர அடி ஆகியவற்றைப் பார்த்துத் தொகை எழுதுவார். கூரைக்கு மேலே ஏறி மரத்தில் கறையான் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பது அவருடைய பணி அல்ல. அந்த அறிக்கையும் வங்கிக்கே போகிறது. கட்டணத்தைக் கட்டியவர் நீங்கள், ஆனாலும் அது உங்களுக்காக எழுதப்பட்டதல்ல.

இரண்டாவது ஆறுதல், அரசாங்கத்தின் அனுமதி. நகர அபிவிருத்தி அதிகார சபைச் சட்டம் 1978இல் வந்தது. அனுமதி பெற்றுக் கட்டி முடித்த பிறகு இணக்கச் சான்றிதழ் பெற வேண்டும் என்பது விதி. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 1984இல் தொடங்கப்பட்டது. 1990 முதல் பதுளை, நுவரெலியா மாவட்டங்களில் ஆரம்பித்து மண்சரிவு அபாய வரைபடங்களைத் தயாரித்து வருகிறது. 2011 முதல் கண்டி உட்பட மலைநாட்டு மாவட்டங்களில் புதிதாகக் கட்டுவோரிடம் அந்நிறுவனத்தின் சிபாரிசு கேட்கப்படுகிறது. இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் எல்லாமே புதிதாக எழும் கட்டடத்தை நோக்கியவை. 1985இல் கட்டி, 1998இல் ஓர் அறை சேர்த்து, 2010இல் மேலே ஒரு மாடி எழுப்பிய வீடு கைமாறும்போது, அந்தக் கட்டடமும் அது நிற்கும் சரிவும் இன்று எப்படி இருக்கின்றன என்று கேட்க ஒரு சட்டமும் இல்லை. சந்தைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை அப்படிப்பட்ட வீடுகளே.

கண்டி நகரத்துப் பூவெலிகடவில் நடந்ததை இந்த இடத்தில் நினைவுபடுத்த வேண்டும். 2020 செப்டெம்பர் 20ஆம் திகதி அதிகாலையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று அடியோடு சரிந்து, பக்கத்து வீட்டின்மேல் விழுந்தது. அந்த வீட்டில் உறங்கிக்கொண்டிருந்த இளம் பெற்றோரும் அவர்களுடைய கைக்குழந்தையும் இறந்தார்கள். அவர்கள் குடியிருந்த வீட்டில் என்ன குறை? உள்ளே எவ்வளவு நுணுக்கமாகத் தேடினாலும் ஒன்றும் அகப்பட்டிருக்காது. அபாயம் வேலிக்கு அப்பால் நின்றது. வெளிநாடுகளில் எழுதப்பட்ட வீட்டுப் பரிசோதனைப் பட்டியலை எடுத்து அப்படியே இங்கே நிரப்பினால் போதாது என்று நான் சொல்வதற்கு இதுவே காரணம். அங்கே பரிசோதகர் வெப்பமூட்டி, கூரை ஓடு, நிலவறை ஈரம் என்று வீட்டுக்குள்ளே தேடுவார். கண்டி மலையில் மேல்காணி, கீழ்காணி, பக்கத்துக் கட்டடம் மூன்றையும் பார்க்காத அறிக்கை அரைகுறை அறிக்கை.

அதே ஆண்டு ஆகஸ்ட் 29ஆம் திகதி இரவு திகன, ஹாரகமப் பக்கங்களில் நிலம் அதிர்ந்தது. சில மாதங்களுக்குள் மீண்டும் மீண்டும் சிறு அதிர்வுகள் பதிவாகின. சுவர்களில் வெடிப்பு விழுந்ததாக மக்கள் முறையிட்டார்கள். அந்த வெடிப்புகள் அதிர்வுக்கு முன்பே இருந்தவையா, அதற்குப் பிறகு வந்தவையா என்று பிரித்துச் சொல்ல ஒருவரிடமும் பழைய பதிவு இல்லை. வாங்கும்போது ஒரு பரிசோதனை அறிக்கை எழுதப்பட்டிருந்தால், எந்தச் சுவரில் எந்த நீளத்துக்கு என்ன அகலத்தில் வெடிப்பு என்ற படம் வீட்டுக்காரரிடம் இருந்திருக்கும். நட்டஈடு கேட்கப் போனாலும், பயப்படத் தேவையில்லை என்று மனம் தேறினாலும், கையில் ஓர் ஆதாரம் இருந்திருக்கும்.

சரி, யாரைக் கூப்பிடுவது? இலங்கையில் வீட்டுப் பரிசோதகர் என்று தனித் தொழில் இன்னும் வேர்விடவில்லை. அமெரிக்காவில் வீட்டுப் பரிசோதகர்களின் சங்கம் 1976லேயே உருவாகிவிட்டது. இங்கே நாம் நான்கு தரப்பினரைச் சேர்த்து அந்த வேலையைச் செய்விக்கலாம். கட்டடத்துக்குப் பட்டயப் பொறியியலாளர். பேராதனைப் பொறியியல் பீடத்தில் படித்து வெளியேறியவர்கள் கண்டியைச் சுற்றி இருக்கிறார்கள். சரிவுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம். கட்டணம் செலுத்தி விண்ணப்பித்தால் காணியின் மண்சரிவு அபாயத்தை மதிப்பிட்டுத் தருவார்கள். மின்சாரத்துக்குத் தகுதியுள்ள ஒருவர். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா, ஏர்த் உண்மையில் மண்ணில் இறங்கியிருக்கிறதா என்று சோதிக்க அதிக நேரம் பிடிக்காது. கூரைக்கும் தண்ணீர்க் குழாய்க்கும் கைதேர்ந்த பாஸ் ஒருவர் போதும். ஆனால் அந்த வீட்டைக் கட்டிய பாஸையே கூட்டிக்கொண்டு போகக் கூடாது. விற்பவர் சிபாரிசு செய்பவரையும் கூடாது, புரோக்கர் கூட்டி வருபவரையும் கூடாது. விற்பனை நடந்தால் கமிஷன் பெறுபவர் குறை சொல்ல மாட்டார் என்பது இயல்பு, அதில் அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது.

செலவு என்று தயங்குபவர்கள் ஒரு கணக்கைப் பார்க்கட்டும். ஒரு கோடி ரூபாய்க்கு ஒரு வீட்டை வாங்கினால், முதல் ஒரு இலட்சத்துக்கு 3 சதவீதமும் மீதிக்கு 4 சதவீதமுமாக 3,99,000 ரூபாய் முத்திரை வரி கட்டுகிறோம். அதற்கு மேல் நொத்தாரிசுக் கட்டணம், நில அளவைக் கட்டணம், புரோக்கர் கூலி. காகிதத்துக்கு இவ்வளவு கொடுக்கும் கை, சுவருக்கும் மண்ணுக்கும் அதில் ஒரு சிறு பங்கைக் கொடுக்கக் கூசுகிறது. தோட்டத்துக் குடும்பங்களில் இந்தக் காசு எங்கிருந்து வருகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது. தாய் மத்திய கிழக்கில் வீட்டு வேலை செய்து அனுப்பியது, தகப்பனின் ஊழியர் சேமலாப நிதியிலிருந்து வீட்டுத் தேவைக்கென்று முன்கூட்டி எடுத்த 30 சதவீதம், நகை அடகு வைத்தது. இந்தக் காசு ஒரு தடவை போனால் அந்தக் குடும்பத்துக்கு இரண்டாவது தடவை கிடையாது. பரிசோதனை பணக்காரருக்கான ஆடம்பரம் என்ற எண்ணத்தை அதனால்தான் நான் அடியோடு மறுக்கிறேன். பணக்காரர் இடிந்த சுவரைத் திரும்பக் கட்டிக்கொள்வார்.

சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்று சொல்லித் தைரியம் கொள்வோரும் உண்டு. அது ஓரளவு உண்மை. அசையாச் சொத்து விற்பனைக்கு இந்நாட்டில் இன்னும் ரோமன்-டச்சுச் சட்டமே அடிப்படை. அதன்படி, விற்ற வீட்டில் மறைந்த குறை இருந்து வீட்டின் பயன் கெட்டால், விற்றவர் அதை அறியாதிருந்தால்கூடப் பொறுப்பாவார். வாங்கியவர் விலையைக் குறைத்துத் தரும்படி கேட்கலாம். குறை பாரதூரமானதென்றால் விற்பனையையே தள்ளிவிடக் கேட்கலாம். ஆனால் கண்ணுக்குத் தெரியும் குறைக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை. சாதாரணமாகப் பார்த்தாலே தெரிந்திருக்கக் கூடிய வெடிப்பைப் பார்க்காமல் விட்டவர் நீதிமன்றத்தில் எதைச் சொல்லுவார்? “உள்ளது உள்ளபடி ஏற்றுக்கொள்கிறேன்” என்ற வாசகம் உறுதியிலோ உடன்படிக்கையிலோ ஏறிவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். காணி வழக்குகள் நம் நாட்டில் எத்தனை வருடம் இழுபடும் என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேடு அவ்வளவு நாள் பொறுத்திருக்காது.

இதுவரை வாங்குபவர் பக்கம் நின்று பேசினேன். உண்மையில், பரிசோதனை அறிக்கை விற்பவர் கையிலிருந்து வர வேண்டும் என்பதே என் வாதம். ஸ்கொட்லாந்தில் 2008 டிசம்பர் முதல் அப்படித்தான் நடக்கிறது. வீட்டைச் சந்தைக்குக் கொண்டுவருபவர் தகுதியுள்ள மதிப்பாய்வாளரைக் கொண்டு அறிக்கை எடுத்து, கேட்டு வருவோருக்குக் காட்ட வேண்டும். ஒவ்வொரு பகுதிக்கும் ஒன்று, இரண்டு, மூன்று என்று தரம் இடப்பட்டிருக்கும். மூன்று என்றால் உடனடியாகத் திருத்த வேண்டியது. பத்துப் பேர் பார்க்க வந்து பத்துப் பேரும் தனித்தனியாகக் கட்டணம் கட்டும் விரயம் இல்லை. விலை பேசுவதற்கு முன்பே குறை தெரிந்துவிடுகிறது. பக்கத்து இங்கிலாந்தில் 2007இல் கொண்டுவந்த வீட்டுத் தகவல் பொதியில் கட்டடத்தின் நிலை பற்றிய அறிக்கை கட்டாயமாக்கப்படவில்லை. முக்கியமானதை விட்டுவிட்டு மற்றக் காகிதங்களை மட்டும் கட்டிக்கொடுத்த அந்தத் திட்டத்தை 2010இல் நிறுத்திவிட்டார்கள். இதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

நம்மவர்கள் பெருந்தொகையாக வாழும் கனடாவிலும் இந்தப் போராட்டம் நடந்துகொண்டிருக்கிறது. வீட்டு விலை ஏறிய வருடங்களில், போட்டியில் வெல்வதற்காகப் பரிசோதனை நிபந்தனையை விட்டுக்கொடுத்துப் பலர் வீடு வாங்கினார்கள். பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2023 ஜனவரி 3 முதல், விலை ஒப்புக்கொள்ளப்பட்ட பின்பும் மூன்று வேலை நாட்களுக்குள் வாங்குபவர் பின்வாங்கலாம் என்று சட்டம் செய்தது. அதற்கு ஒரு சிறிய கட்டணம் உண்டு. அவசரத்தில் கையொப்பமிட்டவருக்குப் பரிசோதகரைக் கூட்டிவர மூன்று நாள் மூச்சுவிட நேரம் கிடைக்கிறது. டொரொன்டோவில் இருந்துகொண்டு ஊரில் உள்ள தங்கைக்கு வட்டேகமவில் வீடு வாங்கிக் கொடுக்கும் அண்ணன்மார், வாட்ஸ்அப் காணொளியில் பார்த்துவிட்டுச் சரி சொல்வது இப்போது பெருகிவிட்டது. காணொளி எடுப்பவர் புரோக்கர். பின்மேடு அதில் வராது.

விற்பவர் அறிக்கை தர வேண்டும் என்று சொல்லும்போது எழும் மிகக் கடினமான கேள்வியை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. மடுல்கெல்லவுக்கு மேலே ஒரு குடும்பம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வயது போன தம்பதி. பிள்ளைகள் கொழும்பில். வீட்டை விற்று அவர்களோடு போய்ச் சேர வேண்டும். அறிக்கை எடுத்தால் அதிக அபாய வலயம் என்று வருகிறது. அந்தக் கணத்தில் அவர்களுடைய வாழ்நாள் சேமிப்பு வெறுங்காணியாகிவிடுகிறது. அவர்கள் செய்த தவறு என்ன? கட்டும்போது ஒருவரும் சொல்லவில்லை. அபாய வரைபடம் அவர்கள் கட்டிய பிறகு வந்தது. இப்படிப்பட்டவர்களிடம் போய் உண்மையைச் சொல்லி விற்கும்படி கேட்பது கொடுமையாகத் தெரியும். ஆனால் சொல்லாமல் விற்றால் அந்த அபாயம் குறைந்துவிடுவதில்லை. ஒரு கைக்குழந்தையோடு புதிதாகக் குடிவரும் குடும்பத்தின் தலைக்கு மாறுகிறது, அவ்வளவுதான். இந்தச் சுமையை இரண்டு குடும்பங்களுக்கிடையில் தள்ளிவிளையாட விட்டுவிட்டு அரசாங்கம் ஒதுங்கி நிற்பதே தவறு. அதிக அபாய வலயம் என்று தன் நிறுவனமே எழுதிய காணிக்கு, மாற்றுக் காணியோ மீள்குடியேற்ற உதவியோ கேட்க அந்த அறிக்கையே தகுதியாக அமைய வேண்டும். அப்போதுதான் விற்பவர் அறிக்கைக்குப் பயப்படாமல் அதைத் தேடிப் போவார்.

பெரும்பாலான வீடுகள் இந்த எல்லைக்கு வரமாட்டா என்பதையும் சொல்ல வேண்டும். கான் தூர் வாரி, கூரைத் தண்ணீருக்குப் பீலி வைத்து, அணையில் துவாரம் இட்டு, மலசலகூடக் குழியை இடம் மாற்றினால் தேறிவிடும் வீடுகள் ஏராளம். அறிக்கை கையில் இருக்கும் விற்பவர் அவற்றைச் செய்து முடித்துவிட்டு, செய்ததற்கான ஆதாரத்தோடு நியாயமான விலை கேட்கலாம். இன்று நல்ல வீட்டுக்கும் ஆபத்தான வீட்டுக்கும் ஒரே பேர்ச்சஸ் விலை. ஒழுங்காகக் கட்டியவருக்கு அதனால் ஒரு நன்மையும் இல்லை.

செய்ய வேண்டியவற்றுக்குப் பெரிய சட்டங்களுக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. காணி எந்த அபாய வலயத்தில் இருக்கிறது என்பதைத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தால், வீதிக்கோட்டுச் சான்றிதழோடு அதையும் நொத்தாரிசு கேட்டு வாங்கிக் கோப்பில் வைக்கலாம். வங்கிகள் மதிப்பீட்டாளரின் அறிக்கையோடு கட்டட நிலை அறிக்கையையும் கேட்கட்டும், இரண்டின் பிரதியையும் கடன் எடுப்பவரிடம் கொடுக்கட்டும். அதுவரை வாங்குபவர்கள் தாங்களே செய்துகொள்ளக்கூடிய ஒன்று இருக்கிறது. அட்வான்ஸ் கொடுக்கும்போது எழுதும் உடன்படிக்கையில், பரிசோதனையில் பாரதூரமான குறை கண்டால் அட்வான்ஸ் முழுவதும் திருப்பித் தரப்படும் என்ற ஒரு வரியைச் சேர்க்கும்படி சட்டத்தரணியிடம் கேளுங்கள். மறுக்கும் விற்பனையாளர் ஏன் மறுக்கிறார் என்று யோசியுங்கள். வீட்டைப் பார்க்க வெயில் நாளில் போகாதீர்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு பின்னேரம் போய்ப் பின்பக்கம் நில்லுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, மேட்டுத் தண்ணீர் எங்கே போகிறது என்பது தானாகவே தெரியும். ஆனால் 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழையிலேயே மண்சரிவு எச்சரிக்கையின் முதற் படி தொடங்கிவிடுகிறது, 150 ஆனால் வெளியேறச் சொல்கிறார்கள். அந்த அளவு மழையில் வீடு பார்க்கப் போகாதீர்கள், எவரும் அந்த மேட்டடியில் நிற்கக் கூடாது.

பயிற்சி பெற்ற ஆட்கள் வேண்டும் என்பது உண்மை. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழ் முறையில் மேசனுக்கும் மின்னியலாளருக்கும் படிகள் இருப்பதுபோல வீட்டுப் பரிசோதனைக்கும் ஒரு படி ஏற்படுத்தினால், கட்டட வேலைக்காகக் கொழும்புக்குப் போகும் மலையக இளைஞர்களில் சிலருக்குச் சொந்த ஊரிலேயே மரியாதையான தொழில் கிடைக்கும். தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தரக்கூடிய பரிசோதகர்கள் கண்டி மாவட்டத்துக்கு உடனடியாகத் தேவை.

இந்தப் பேச்செல்லாம் வாங்கவும் விற்கவும் முடிந்தவர்களைப் பற்றியது. மடுல்கெல்லவைச் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்தில் இருப்பவர்களில் பலர் அந்தச் சந்தைக்குள் இன்னும் வரவே இல்லை. வீடு கம்பெனிக்கு உரியது, காணி அரசுக்கு உரியது, மேடு இடிந்து விழுவது மட்டும் அவர்கள்மேல். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் லயன்களை மண் மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரிக்கப்பட்டிருந்தது. அங்கே பரிசோதனை நடக்காமல் இல்லை. நடந்தது. எழுதியும் வைத்தார்கள். அந்த எழுத்து அந்த லயத்தில் படுத்துறங்கியவர்களைக் குடிபெயர வைக்கும் வலிமையோடு அவர்களிடம் போய்ச் சேரவில்லை.

இப்போது இந்திய வீடமைப்புத் திட்டத்திலும் அரசின் திட்டங்களிலும் தோட்டக் குடும்பங்களுக்குத் தனி வீடுகள் கட்டப்படுகின்றன. இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் கருத்துக் கேட்கப்படுகிறது. அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதி ஒன்றையும், வீடு கட்டி முடித்த பிறகு ஒரு பொறியியலாளர் பார்த்துக் கையொப்பமிட்ட நிலை அறிக்கையையும், சாவியை வாங்குவதற்கு முன்னர் ஒவ்வொரு குடும்பமும் கேட்டுப் பெற வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளத்துக்காகப் பேசும் மேசையில் இதையும் வைக்க வேண்டும். திறப்பு விழாவில் ரிப்பன் வெட்ட வரும் அமைச்சரிடம், அறிக்கை எங்கே என்று முன்வரிசையில் இருக்கும் தாய்மார் கேட்கட்டும்.